பருப்பு வெந்தால் நல்ல தண்ணீரா? போர் தண்ணீர் குடிக்கும் ஊருக்குச் சில கேள்வி பதில்கள்

சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நெடுங்காலம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறேன். ரேஷன் கடை வரிசையில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால்கூடக் கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான் என்பதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி வைத்துவிட்டேன். பதிலில் வரும் எல்லை அளவுகள் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலையில் (2012) உள்ளவை. எல்லாம் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

"எங்க போர் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குங்க. இதுல என்ன கெடுதல் இருக்கப்போகுது?"

கலங்கல் இல்லை என்பதுதான் கண்ணாடி மாதிரி இருப்பதற்கு அர்த்தம். மண்ணும் பாறையும் வடிகட்டிவிட்டதால் அந்தத் தெளிவு. ஆனால் நம் பகுதியில் நான் பயப்படுவது மூன்றுக்கு: ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி. நம் தண்ணீரில் இருக்கிற அளவில் இந்த மூன்றுக்கும் நிறம் கிடையாது, வாசம் கிடையாது, ருசியும் கிடையாது.

கலங்கல் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள், அதனால் அது அவ்வளவு ஆபத்தில்லை. தெளிந்த தண்ணீரைத்தான் சந்தேகப்படாமல் இருபது வருடம் குடிக்கிறோம்.

"உப்புத் தண்ணி, நல்ல தண்ணின்னு நாங்க பிரிச்சுத்தானே வெச்சிருக்கோம்? பருப்பு வெந்தா நல்ல தண்ணி. அது போதாதுங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். பருப்பு வேகாததற்குக் காரணம் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். சேலத்துக்கு வடக்கே இருக்கும் சுண்ணாம்புக் கரட்டைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் சுண்ணாம்பு, வெள்ளை வெள்ளையாகத் தெரிவது மக்னசைட், மக்னீசியம் கார்பனேட். அப்படிப்பட்ட பூமியில் தண்ணீர் கடினமாக இருப்பதில் அதிசயமில்லை. கடினத்தன்மை 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது தரநிலை. சோப்பு நுரைக்காது, ஹீட்டர் சுருளில் அடை பிடிக்கும், டீ ருசிக்காது. உடம்புக்கு அதனால் பெரிய கேடு இல்லை.

இப்போது மறுபக்கம். கால்சியம் இருக்கும் இடத்தில் ஃப்ளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியாது. இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃப்ளோரைடு ஏறும். எங்கள் தெருவிலேயே இரண்டு போர்கள். ஒன்றில் பருப்பு கல்லாக நிற்கும். அதில் ஃப்ளோரைடு 1-க்குக் கீழே. இன்னொன்றில் பருப்பு பஞ்சாக வேகும், அக்கம்பக்கத்தார் எல்லாம் குடத்தோடு வந்து நிற்பார்கள். அதில் 2-ஐத் தாண்டியது. எல்லா இடத்திலும் இப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பருப்புச் சோதனை கடினத்தை மட்டும்தான் சொல்லும், ஃப்ளோரைடைப் பற்றி வாய் திறக்காது.

"ஃப்ளோரைடுங்கறீங்களே, அதை யாரு தண்ணில கலக்கறாங்க?"

யாரும் கலக்கவில்லை, பாறையிலிருந்து வருகிறது. நம் அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள சில தாதுக்களில் ஃப்ளோரைடு உண்டு. பாறை வெடிப்புக்குள் தண்ணீர் வருடக்கணக்காகத் தேங்கி நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 1 வரை நல்லது, 1.5-க்கு மேல் குடிக்கவே கூடாது. பக்கத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லை பெரிது. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே குடிநீரோடு ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான். பாறைக்கு மாவட்ட எல்லை தெரியாது. நம் மாவட்டத்திலும் அங்கங்கே இருக்கிறது.

"என் பையன் பல்லுல மஞ்சக் கோடு. நல்லா வெளக்கினா போயிடுமா சார்?"

போகாது. வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும்போது பார்த்துத்தான் எனக்கே இதில் கவனம் வந்தது. ஒரே தெருப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிக் கறை. ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில், சுமார் எட்டு வயதுக்குள், ஃப்ளோரைடு அதிகம் போனால் எனாமல் சரியாக அமையாது. சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகத் தொடங்கி மஞ்சள், பழுப்பு என்று போகும். கறை பல்லின் மேலே இல்லை, பல்லோடு சேர்ந்தது. அழகுக்கு வேண்டுமானால் பல் மருத்துவர் ஏதாவது செய்வார்.

மஞ்சள் கோடு எல்லாமே ஃப்ளோரைடு என்றும் முடிவு கட்டாதீர்கள். விளக்காத பல்லில் படியும் அழுக்கு வேறு. இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி, குறுக்கு வாக்கில் இருந்தால் தண்ணீரைச் சோதியுங்கள். பையனுக்கு முடிந்துபோனது, தம்பி தங்கைக்கு முடியவில்லை. தண்ணீரை மாற்றுவது அவர்களுக்காக. அதோடு கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, பால் என்று கால்சியம் உள்ள சாப்பாடு கொடுங்கள். ஃப்ளோரைடு மிக அதிகமான தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அந்த நிலைக்கு வந்த பிறகு திரும்பி வர வழியில்லை.

"காய்ச்சிக் குடிச்சா எல்லாம் சரியாப் போயிடும், இல்லீங்களா?"

கிருமி சாகும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கும் அதுவே போதும்.

ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவை அடர்த்தியாகும். ரசம் சுண்டினால் உப்பு கரிக்கிறதே, அதே கதைதான். காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைக் காட்டி "பாருங்க, விஷமெல்லாம் அடியில நின்னுடுச்சு" என்பார்கள். அது சுண்ணாம்பு, ஃப்ளோரைடு இல்லை.

"மாட்டுக்கொட்டாயிக்குப் பக்கத்துல கெணறு. எங்க தாத்தா காலத்துல இருந்து அதைத்தான் குடிக்கறோம். இப்ப மட்டும் என்ன?"

தாத்தா காலத்தில் மாடு இருந்தது, யூரியா மூட்டை இல்லை, செப்டிக் டேங்க் இல்லை. சாணம், மூத்திரம், உரம், கக்கூஸ் குழி எல்லாவற்றிலும் இருக்கும் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, தண்ணீரோடு கீழே இறங்கும். எல்லை 45. இதற்கு "வேறு வழியில்லை என்றால் இவ்வளவு" என்ற சலுகை தரநிலையில் கிடையாது.

பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க இந்தத் தண்ணீரை எடுத்தால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பூக்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. கிணற்றிலிருந்து கழிவுக்குழி 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. பாறை வெடிப்பு உள்ள நம் நிலத்தில் அதையும் முழுசாக நம்ப முடியாது, சோதிக்கத்தான் வேண்டும்.

"மெஷின் விக்கறவரு ஒரு மீட்டரை விட்டுக் காட்டினாரு. 900 வந்துச்சு. 'இதைக் குடிச்சா கிட்னி போயிடும்'னுட்டாரு. நெசமா?"

அது டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பு மொத்தம் இவ்வளவு என்று கணக்குப் போடும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. 500 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. 900 என்றால் ருசி கொஞ்சம் குறையும்.

கடினத் தண்ணீரால் கிட்னியில் கல் வரும் என்ற பேச்சும் இதோடு ஒட்டிக்கொண்டது. நம் வெயிலில் கல் வருவதற்குப் பெரிய காரணம் போதுமான தண்ணீர் குடிக்காததுதான். மீட்டரில் 300 காட்டும் தண்ணீரில் ஃப்ளோரைடு 2 இருக்கலாம், கிருமி கோடிக்கணக்கில் இருக்கலாம். மீட்டர் காரர் அதைச் சொல்ல மாட்டார்.

"அப்ப ஆர்.ஓ. வாங்கறதா, வேண்டாமா?"

சோதித்துவிட்டு வாங்குங்கள். ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ எல்லை மீறியிருந்தால் வீட்டு அளவில் ஆர்.ஓ., அதாவது தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின், நல்ல வழி. இரண்டும் இல்லை, கிருமிதான் சந்தேகம் என்றால் கொதிக்க வைப்பதோ குளோரினோ போதும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் எதற்கு?

வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மெஷின்களில் "ருசிக்காக" ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால், சவ்வு வழியாகப் போகாத பழைய தண்ணீர் கொஞ்சம் சுத்தத் தண்ணீரில் கலக்கும். சப்பென்று இருக்கிறது என்று சொன்னால் மெக்கானிக் அதைத்தான் திருகிவிட்டுப் போவார். நீங்கள் காசு கொடுத்து வெளியே தள்ளிய ஃப்ளோரைடு அந்த வழியாகத் திரும்பி வரும். ஃப்ளோரைடு உள்ள வீட்டில் அதை மூடியே வைக்கச் சொல்லுங்கள்.

கழிவுக் குழாயில் வருவது அடர்த்தியான தண்ணீர். வீடு துடைக்க, கக்கூஸ் கழுவ எடுத்துக்கொள்ளலாம். மாட்டுக்கு வைக்காதீர்கள், சோறு பொங்காதீர்கள். சோற்றுத் தண்ணீரும் குடிதண்ணீர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: குடிப்பது ஆர்.ஓ., உலையில் வைப்பது போர் என்றால் ஃப்ளோரைடு சோற்று வழியாகப் போகும்.

"மேல டேங்குக்கே சாஃப்ட்னர் போட்டிருக்கோம்."

துணிக்கும் ஹீட்டருக்கும் நல்லது. கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும், அவ்வளவுதான். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது.

"கேன் தண்ணி வாங்கறோம். அதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க?"

மூடியில் சீல், தயாரித்த தேதி, உரிம எண் இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ். 14543 என்பது அடைத்து விற்கும் குடிநீருக்கான தரநிலை. சீல் இல்லாமல், வண்டியில் நிரப்பிக் கொடுப்பது யாரோ ஒருவர் வீட்டு போர் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேன் சுத்தமாக வந்தாலும் வீட்டில் கெடும். வெயிலில் வாசலில் கிடக்கும் கேன், பச்சை படிந்த டிஸ்பென்சர், கையை விட்டு மொள்ளும் சொம்பு. போன வருடம் ஒரு வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. கேன் மேல் பழி போட்டார்கள். பார்த்தால் குழாய் வைத்த மண்பானையை மாதக்கணக்கில் கழுவவில்லை.

"காவிரித் தண்ணி வந்தாச்சே சார், இன்னும் எதுக்கு இந்தப் பேச்சு?"

மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரில் நான் சொன்ன ஃப்ளோரைடுத் தொல்லை இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டம் பல ஊருக்கு வாழ்வு கொடுத்தது உண்மை. ஆனால் தினமும் வருகிறதா? வராத நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் ஏறும், இரண்டும் கலந்துதான் குழாயில் வரும். உங்கள் தொட்டி எந்த நாளில் எதை நிரப்புகிறது என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள். மறைக்க மாட்டார், கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது. தண்ணீர் நின்ற குழாய் வெறுமையாக இருக்கும். அதில் மோட்டார் போட்டால், விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து சாக்கடை உள்ளே இழுபடும். எதிர்வீட்டுக்காரர் குடத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் இழுக்கிறீர்கள்.

"பிளீச்சிங் பவுடர் போட்டா கேன்சர் வரும்ங்கறாங்க. எங்க தெருல போடவே வேண்டாம்னு சொல்லிட்டோம்."

தயவுசெய்து போய் மறுபடி போடச் சொல்லுங்கள். குளோரின் சேர்ந்த தண்ணீரில் சில துணைப்பொருட்கள் உண்டாவது உண்மை. அதனால் வரும் ஆபத்து, குளோரின் இல்லாத தண்ணீரால் வரும் காலரா, டைஃபாய்டு, மஞ்சள்காமாலை ஆபத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது. கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் 0.2 அளவு குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். லேசாக வாசம் வந்தால் ஆள் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் அகலமான பாத்திரத்தில் கொஞ்ச நேரம் துணி மூடி வையுங்கள், போய்விடும்.

"சொந்தக் கெணத்துக்கு எவ்வளவு போடறதுங்க?"

ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய, அகலத்தை அகலத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள். எல்லாம் மீட்டரில். வருவது கனமீட்டர், ஒரு கனமீட்டர் ஆயிரம் லிட்டர். மூன்று மீட்டர் அகல வட்டக் கிணறு, நான்கு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர், 70 கிராம் பவுடர். வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரமாவது கழித்து இறையுங்கள். திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் போயிருக்கும், சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

"ஏற்காட்டு ஊத்துத் தண்ணி அமிர்தமாச்சே. அதையும் சந்தேகப்படுவீங்களா?"

ருசியைச் சந்தேகப்பட மாட்டேன். பாறையோடு அதிக நாள் தங்காத மழைத் தண்ணீர் அது, உப்பு குறைவு. ஆனால் ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். காப்பித் தோட்டம், மாடு, விடுதி, அதன் கழிவுக்குழி. மேலே ஆள் குடியேறாத காலத்து அமிர்தம் அது. கொதிக்க வைத்துக் குடியுங்கள், மழைக்காலத்தில் கட்டாயம்.

"செம்புக் குடம், படிகாரம், தேத்தாங்கொட்டை... பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

சும்மா சொல்லவில்லை, ஒவ்வொன்றும் ஒரு வேலைக்குச் சொன்னார்கள். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைக்கும். செம்புக் குடத்தில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தால் கிருமி குறையும். ஃப்ளோரைடை இவற்றில் எதுவும் தொடாது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளோரைடை எடுக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய படிகார அளவு நம் வீட்டுச் சிட்டிகையைப் போலப் பல மடங்கு. சோதித்து அளவிட்டுச் செய்ய வேண்டியது, கைக்கணக்கில் செய்யாதீர்கள்.

"ரிக் வண்டிக்காரரு இன்னும் முன்னூறு அடி போட்டா சூப்பர் தண்ணி வரும்ங்கறாரு."

திருச்செங்கோட்டு வண்டிக்கு அடிக் கணக்கில் காசு, அவர் வேறென்ன சொல்வார்? ஆழம் போனால் கிருமியும் நைட்ரேட்டும் பெரும்பாலும் குறையும். ஆனால் பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் என்பதால் ஃப்ளோரைடு அதிகமாக வாய்ப்புண்டு. ஆழப்படுத்திய போரைப் புது போராக நினைத்து மறுபடி சோதியுங்கள். பழைய ரிப்போர்ட் செல்லாது.

"சேகோ ஃபேக்டரிக்குக் கீழ இருக்கறோம். தண்ணி புளிச்ச வாடை அடிக்குது, வெச்சா மஞ்சளாகுது."

சேகோ என்பது ஜவ்வரிசி. அதற்கான குச்சிக்கிழங்கு மாவுக் கழிவு மண்ணில் தேங்கினால் புளிக்கும். அப்படிப்பட்ட தண்ணீர் மண்ணிலிருக்கும் இரும்பைக் கரைத்து எடுத்துவரும். காற்றுப் பட்டதும் மஞ்சளாகி, செம்பழுப்பாகப் படியும். வெறும் இரும்பு என்றால் படியவிட்டு வடிகட்டிச் சமாளிக்கலாம். வாடையும் சேர்ந்திருந்தால் வடிகட்டி வாங்கி மல்லுக்கட்டாதீர்கள். குடிப்பதை நிறுத்திவிட்டு, மாதிரி எடுத்து, ரிப்போர்ட்டோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். ரிப்போர்ட் இல்லாத புகார் வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ளப்படும்.

"மழைத்தண்ணியக் குடிக்கலாமா?"

தாராளமாக. ஃப்ளோரைடு இல்லை, நைட்ரேட் மிகக் குறைவு. 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழாய் வைத்தோம், பாதிப் பேர் வீட்டில் அது இப்போது பல்லி குடியிருக்கும் இடம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். உறிஞ்சியது, சிதறியது போக 700 நிற்கும். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், மாடியைக் கழுவ விட்டுவிடுங்கள். மூடிய, வெளிச்சம் புகாத தொட்டியில் பிடித்து, குடிக்கும் முன் கொதிக்க வையுங்கள்.

"சரி, எங்க கொண்டுபோய் டெஸ்ட் பண்றது?"

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் சேலத்தில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் கொடுக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, வாய் வரை நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு இது ஆகாது. கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும்.

கிராம ஊராட்சிகளில் ஜல் ஜீவன் திட்டத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பரிசோதனைப் பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கிருமிக்குச் சின்னக் குப்பி ஒன்று உண்டு: தண்ணீர் நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கெட்ட தண்ணீர் கறுத்துப்போகும்.

"பக்கத்து வீட்டு போருக்கும் எங்குளுதுக்கும் அம்பதடிதான். அவங்க ரிப்போர்ட்டையே வெச்சுக்கலாமா?"

கூடாது. மணல் பூமி என்றால் ஓரளவு ஒத்துப்போகும். நம் பாறையில் ஒவ்வொரு போரும் வேறு வெடிப்பைக் குத்தியிருக்கும். இரண்டாவது கேள்வியில் சொன்ன இரண்டு போர்களுக்கும் நடுவே ஒரு புளியமரமும் ஒரு சந்தும்தான்.

"ஒருக்கா பாத்தாச்சு, எல்லாம் சரின்னு வந்துச்சு. மறுபடி எப்பங்க?"

வருடத்துக்கு இரண்டு முறை. சித்திரை, வைகாசியில் தண்ணீர் மட்டம் கீழே போயிருக்கும்போது ஃப்ளோரைடு பாருங்கள். ஐப்பசி மழை முடிந்த கையோடு கிருமியும் நைட்ரேட்டும் பாருங்கள். மேலே கிடந்ததெல்லாம் அப்போதுதான் இறங்கியிருக்கும். தேதி, எந்த போர், எத்தனை அடி, மழைக்கு முன்னா பின்னா என்று கேன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். என் வீட்டுத் திண்ணையில் இப்போது ஏழு கேன்கள் இருக்கின்றன. மூன்றில் யார் வீட்டுத் தண்ணீர் என்றே எழுதவில்லை.